வீட்டு லாச்சிக்குள் ஒரு சுரங்கம்: பழைய பற்றரிகள் எங்கே போகின்றன?

எமது வீடுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இப்படி ஒரு லாச்சி இருக்கும். திரை உடைந்த கையடக்கத் தொலைபேசி, ஊதிப்போன பற்றரி, சார்ஜ் ஏறாத பவர் பேங்க், பிள்ளைகளின் விளையாட்டுக் காரில் இருந்து கழற்றிய சிறிய பற்றரிகள் எல்லாம் அதற்குள் கிடக்கும். எறிய மனம் வராது, என்ன செய்வதென்றும் தெரியாது. வருடத்தில் ஒரு நாள் வீட்டைத் துப்புரவு செய்யும்போது எல்லாம் ஒரே பைக்குள் போய், பிரதேச சபையின் குப்பை உழவு இயந்திரத்தில் ஏறிவிடும்.

அதே வீட்டின் முச்சக்கர வண்டிப் பற்றரி செத்துப்போனால் கதை வேறு. அதை யாரும் குப்பையில் போடுவதில்லை. புதியது வாங்கப் போகும் கடையில் பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக் கொள்வார்கள். இல்லாவிட்டால் பழைய இரும்பு வாங்க வரும் நானா அதை நிறுத்துப் பார்த்துக் கையில் காசு தருவார்.

இரண்டும் பற்றரிதான். இரண்டுக்குள்ளும் இருப்பது நிலத்தைத் தோண்டி எடுத்த உலோகம்தான். ஒன்று திரும்பவும் தொழிற்சாலைக்குப் போகின்றது, மற்றையது குப்பை மேட்டுக்குப் போகின்றது. இந்த வேறுபாடு ஏன் வந்தது என்பதை விளங்கிக்கொண்டால், இன்று உலக நாடுகள் பற்றரி மீள்சுழற்சி பற்றி ஏன் இவ்வளவு பேசுகின்றன என்பதும், நாம் எதைச் செய்யத் தவறுகின்றோம் என்பதும் புரியும்.

பற்றரிக்குள் என்ன இருக்கின்றது?

வாகனங்களில் உள்ள ஈய அமிலப் பற்றரி 1859ஆம் ஆண்டு பிரான்ஸைச் சேர்ந்த காஸ்டன் பிளான்டே என்பவரால் கண்டுபிடிக்கப்பட்டது. ஈயத் தகடுகள், ஐதாக்கப்பட்ட சல்பூரிக் அமிலம், அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதன் அமைப்பு இவ்வளவுதான். அதன் நிறையில் பாதிக்கும் மேல் ஈயமே.

தொலைபேசி, மடிக்கணினி, மின்சாரக் கார் ஆகியவற்றில் இருப்பது லித்தியம் அயன் பற்றரி. 1991இல் ஜப்பானின் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதன் உருவாக்கத்துக்காக ஜோன் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இதன் ஒரு பக்கம் செப்புத் தாளில் பூசப்பட்ட காரீயம். மறுபக்கம் அலுமினியத் தாளில் பூசப்பட்ட நிக்கல், கோபால்ட், மங்கனீசு போன்றவற்றின் கலவை. சில வகைகளில் அதற்குப் பதிலாக இரும்பும் பொஸ்பேற்றும் இருக்கும். சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் லித்தியம் இவ்விரு பக்கங்களுக்கும் இடையே போய்வருகின்றது.

தொலைபேசிப் பற்றரி ஒன்றின் நிறை சுமார் 50 கிராம். நடுத்தர மின்சாரக் கார் ஒன்றின் பற்றரியோ பல நூறு கிலோ. 60 கிலோவாற் மணி கொள்ளளவுள்ள அப்படியான ஒரு பற்றரியில் ஏறத்தாழ 6 கிலோ லித்தியம் இருக்கும். நிக்கல், கோபால்ட் வகையாயின் அவையும் பல கிலோக் கணக்கில் சேரும்.

இங்கே ஒரு அடிப்படை உண்மையைக் கவனிக்க வேண்டும். பெற்றோலை எரித்தால் அது புகையாகிப் போய்விடும், திரும்பப் பெற முடியாது. பற்றரி அப்படியல்ல. அது "செத்துவிட்டது" என்று நாம் சொல்லும்போது அதற்குள் இருக்கும் உலோகம் எங்கும் போய்விடவில்லை. உள்ளே அதன் இரசாயன அமைப்பு பழுதடைந்திருக்கின்றது, அவ்வளவுதான். வாங்கிய நாளில் இருந்த ஈயமும் நிக்கலும் கோபால்ட்டும் அப்படியே உள்ளே இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்துச் சுத்தப்படுத்தினால் புதிய பற்றரி செய்யலாம். உலோகம் பாவித்துத் தேய்வதில்லை.

மண்ணைத் தோண்டுவதன் விலை

பிரித்தெடுக்காவிட்டால் என்ன நடக்கும்? இன்னொரு இடத்தில் நிலத்தைத் தோண்ட வேண்டும்.

உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் 70 வீதத்துக்கும் அதிகமானது கொங்கோ ஜனநாயகக் குடியரசில் இருந்து வருகின்றது. அங்கே கொல்வேசி நகரைச் சுற்றிப் பெரும் நிறுவனங்களின் சுரங்கங்களும் உண்டு. மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு கையாலேயே குழி தோண்டும் மக்களும் உண்டு. முட்டுக்கட்டை எதுவுமில்லாத குழிகள் இடிந்து விழுந்து பலர் இறந்திருக்கின்றனர். சிறுவர்கள் கற்களைப் பொறுக்குவதையும் கழுவுவதையும் சர்வதேச மன்னிப்புச் சபை 2016ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் ஆவணப்படுத்தியது. எமது கையில் இருக்கும் தொலைபேசிக்கும் அந்தக் குழிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு இருக்கின்றது.

லித்தியத்தில் கணிசமான பங்கு அவுஸ்திரேலியாவில் பாறையாகத் தோண்டப்படுகின்றது. சிலி நாட்டின் அட்டகாமா உப்புப் பாலைவனத்தில் வேறு முறை. நிலத்தடியில் உள்ள உப்பு நீரை மேலே இறைத்து, பெரிய தொட்டிகளில் வெயிலில் ஒரு வருடத்துக்கும் மேல் காயவிட்டு லித்தியம் எடுக்கின்றார்கள். புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் உப்பளம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உலகின் மிக வரண்ட இடங்களில் ஒன்றான அங்கே, நீர் இறைப்பது பற்றிச் சுற்றியுள்ள பழங்குடி மக்கள் நீண்ட காலமாகக் கவலை தெரிவித்து வருகின்றனர். நிக்கலை எடுத்துக்கொண்டால், உலக உற்பத்தியில் பாதிக்கும் மேல் இந்தோனேசியாவில் இருந்து வருகின்றது. சுலாவெசி, ஹல்மஹெரா தீவுகளில் காடுகள் வெட்டப்பட்டு, மழைக்குச் செம்மண் கடலில் கரைந்து, மீனவர்களின் வாழ்வாதாரம் பாதிக்கப்படுகின்றது.

இதைச் சொல்வது பற்றரியே வேண்டாம் என்பதற்காக அல்ல. பெற்றோலியத்துக்கும் நிலக்கரிக்கும் உலகம் கொடுத்த விலை இதைவிடப் பெரியது. ஆனால் ஒருமுறை இவ்வளவு பாடுபட்டுத் தோண்டி எடுத்த உலோகத்தை ஒரே பாவனையுடன் குப்பையில் போட்டுவிட்டு மீண்டும் போய்த் தோண்டுவதில் எந்த நியாயமும் இல்லை. கொங்கோவின் தாதுப் பாறை ஒரு தொன்னில் கிடைக்கும் கோபால்ட் பெரும்பாலும் சில கிலோ அல்லது சில பத்துக் கிலோவே. பழைய பற்றரிக் குவியலில் உலோகம் அதைவிடச் செறிவாக இருக்கின்றது. அப்படிப் பார்த்தால் பழைய பற்றரிதான் வளம் மிகுந்த தாது.

ஈயம் சொல்லித் தந்த இரண்டு பாடங்கள்

மீள்சுழற்சி நடைமுறையில் சரிவருமா என்று கேட்பவர்களுக்கு ஈயப் பற்றரியே பதில். அமெரிக்காவில் பாவித்து முடிந்த ஈயப் பற்றரிகளில் ஏறத்தாழ 99 வீதம் மீள்சுழற்சிக்குப் போவதாக அந்நாட்டுத் தொழிற்துறை கூறுகின்றது. இன்று உலகில் உற்பத்தியாகும் ஈயத்தில் பாதிக்கும் மேல் சுரங்கத்தில் இருந்து வருவதல்ல, பழைய பொருட்களை உருக்கிப் பெறுவது.

இதற்கு மூன்று காரணங்கள். பற்றரியின் அமைப்பு எளிமையானது, உடைத்துப் பிரிக்கலாம். எல்லா நிறுவனங்களின் பற்றரியும் ஏறத்தாழ ஒரே மாதிரியானது. மூன்றாவதாக, பழையதைக் கொடுத்தால் காசு கிடைக்கும் என்ற ஏற்பாடு கடையிலேயே இருக்கின்றது. எமது ஓட்டோக்காரர் சுற்றாடல் பற்றிய கருத்தரங்கு எதற்கும் போகவில்லை. விலையில் கழிவு கிடைப்பதால் பழைய பற்றரியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகின்றார். இது முதலாவது பாடம்.

இரண்டாவது பாடம் கசப்பானது. ஈயத்தை எப்படி மீட்கின்றோம் என்பதில் பிள்ளைகளின் உயிரே தங்கியிருக்கின்றது.

செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்கு அருகே தியாரோய் சுர் மேர் என்ற ஊர் இருக்கின்றது. அங்குள்ளவர்கள் பல வருடங்களாகப் பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள். ஈயத்தின் விலை உயர்ந்தபோது, பற்றரி உடைத்த இடத்து மண்ணையே சலித்து ஈயத் துகள்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மண் மூட்டைகள் வீடுகளுக்குள் வந்தன. 2007 நவம்பர் தொடக்கம் 2008 மார்ச் வரையான சில மாதங்களுக்குள் அந்த ஊரில் 18 சிறுவர்கள் இறந்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் பரிசோதித்தபோது, உயிருடன் இருந்த பிள்ளைகளின் இரத்தத்திலும் கடுமையான ஈய நச்சு காணப்பட்டது.

கென்யாவின் மொம்பாசாவில் ஓவினோ உஹுரு என்ற குடியிருப்பை ஒட்டி இயங்கிய ஈயம் உருக்கும் தொழிற்சாலையும் இதே அழிவைத் தந்தது. அங்கு வேலை செய்த பிலிஸ் ஒமிடோ என்ற தாய், தனது கைக்குழந்தைக்கு ஈய நச்சு ஏறியிருப்பதை அறிந்து போராடத் தொடங்கினார். தொழிற்சாலை மூடப்பட்டது. 2015இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றாடல் விருது கிடைத்தது. 2020இல் அந்த மக்களுக்கு 130 கோடி கென்ய ஷில்லிங் நட்டஈடு வழங்குமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஈயம் உடம்புக்குள் போனால் அதைக் கல்சியம் என்று உடம்பு தவறாக எடுத்துக்கொள்கின்றது. எலும்பில் சேமித்து வைக்கின்றது, வளரும் மூளைக்குள்ளும் அனுமதிக்கின்றது. பிள்ளையின் கற்கும் ஆற்றல் குறையும், கவனம் சிதறும், கோபம் கூடும். இது பல தடவைகளில் வெளியே எந்த அடையாளமும் காட்டாது. இந்தளவு ஈயம் பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய ஓர் அளவு இல்லை என்கின்றது உலக சுகாதார ஸ்தாபனம். உலகில் மூன்று பிள்ளைகளில் ஒருவர், அதாவது 80 கோடி வரையான சிறுவர்கள், இரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயத்துடன் வாழ்வதாக யுனிசெப் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறியது. அதற்கான பிரதான காரணங்களில் ஒன்றாக முறையற்ற பற்றரி மீள்சுழற்சியை அது குறிப்பிட்டது.

எனவே மீள்சுழற்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் அது நல்லதுதான் என்று தலையாட்டிவிட முடியாது. வளவுக்குள் அடுப்பு மூட்டி ஈயம் உருக்குவதும் மீள்சுழற்சிதான். அமிலத்தைக் கானில் ஊற்றிவிட்டுத் தகடுகளை மட்டும் விற்பதும் மீள்சுழற்சி என்றே சொல்லப்படுகின்றது. மூடிய உலை, புகை வடிகட்டி, அமிலத்தை நடுநிலையாக்கும் தொட்டி, வேலை முடிந்து உடை மாற்றிக் குளித்துவிட்டு வீடு செல்லும் தொழிலாளி, இரத்தப் பரிசோதனை ஆகியவை இருந்தால் மட்டுமே அது உண்மையில் நன்மை தரும்.

லித்தியம் பற்றரியை எப்படிப் பிரிக்கின்றார்கள்?

லித்தியம் பற்றரி ஈயப் பற்றரி போல எளிதானது அல்ல. முதலில் அதில் மீதியுள்ள மின்னை முழுமையாக இறக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டும்போது தீப்பிடிக்கும். பின்னர் பெட்டியைக் கழற்றி, ஒட்சிசன் இல்லாத சூழலில் அல்லது திரவத்துக்குள் வைத்துத் துண்டு துண்டாக அரைப்பார்கள். பிளாஸ்டிக், செம்பு, அலுமினியம் ஆகியவை சலித்துப் பிரிக்கப்படும். எஞ்சுவது கரிய தூள். அந்தத் தூளுக்குள்தான் லித்தியம், நிக்கல், கோபால்ட், மங்கனீசு, காரீயம் எல்லாம் கலந்திருக்கும்.

இந்தத் தூளில் இருந்து உலோகத்தை எடுக்கப் பிரதானமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மிக உயர்ந்த வெப்பத்தில் உலையில் உருக்குவது. நிக்கலும் கோபால்ட்டும் செம்பும் ஒன்றாகத் திரளும், காரீயம் எரிந்துவிடும், லித்தியம் கழிவுடன் சேர்ந்துவிடும். அதைத் தனியாக மீட்பது செலவானது. மற்றையது, தூளை அமிலத்தில் கரைத்து ஒவ்வொரு உலோகத்தையும் வரிசையாகப் பிரிப்பது. இதில் லித்தியத்தையும் பெறலாம். ஆனால் இரசாயனப் பொருட்களும் கழிவு நீர்ச் சுத்திகரிப்பும் அதிகம் தேவை. பெல்ஜியத்தின் யுமிகோர், டெஸ்லா நிறுவனத்தின் ஆரம்பகாலப் பங்காளி ஜே.பீ. ஸ்ட்ரோபெல் 2017இல் அமெரிக்காவில் தொடங்கிய ரெட்வூட் மெட்டீரியல்ஸ், சீனாவின் சி.ஏ.ரி.எல். குழுமத்தைச் சேர்ந்த புருன்ப் போன்றவை இத்துறையில் பெரிய பெயர்கள்.

இது ஆபத்தில்லாத தொழிலும் அல்ல. 2024 ஒக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஃபிரெடரிக்டவுன் நகரில் இருந்த பெரிய பற்றரி மீள்சுழற்சி நிலையம் ஒன்று தீப்பற்றி, சுற்றியிருந்த மக்கள் வெளியேற வேண்டி ஏற்பட்டது. இலாபமும் உறுதியானதல்ல. லித்தியத்தின் விலை 2022இன் உச்சத்தில் இருந்து பெருமளவு சரிந்தது. கனடாவின் லி-சைக்கிள் நிறுவனம் 2025 மே மாதம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. இன்று விற்பனையாகும் மின்சாரக் கார்ப் பற்றரிகளில் ஏறத்தாழப் பாதி இரும்பு, பொஸ்பேற் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் விலையுயர்ந்த கோபால்ட்டும் நிக்கலும் இல்லை. தயாரிக்கும்போது அது நல்ல செய்தி. மீள்சுழற்சி செய்பவருக்கோ அதில் மிஞ்சுவது குறைவு.

சுரங்கத் தேவை எவ்வளவு குறையும்?

சர்வதேச எரிசக்தி முகவர் நிலையம் 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை இதற்கு ஒரு கணக்குச் சொல்கின்றது. நாடுகள் தமது காலநிலை வாக்குறுதிகளை நிறைவேற்றி, மீள்சுழற்சியையும் ஒழுங்காக விரிவாக்கினால், 2050ஆம் ஆண்டளவில் புதிய சுரங்கங்களுக்கான தேவையை 25 முதல் 40 வீதம் வரை குறைக்கலாம். செம்புக்கும் கோபால்ட்டுக்கும் 40 வீதம், லித்தியத்துக்கும் நிக்கலுக்கும் 25 வீதம். அத்துடன் மீள்சுழற்சி மூலம் பெறும் இக்கனிமங்களால் வெளியாகும் பச்சைவீட்டு வாயுக்கள், சுரங்கத்தில் இருந்து பெறுவதுடன் ஒப்பிட்டால் சராசரியாக 80 வீதம் குறைவு.

ஏன் 100 வீதம் இல்லை? கணக்கு எளிது. 2024இல் உலகில் 1 கோடியே 70 இலட்சத்துக்கும் அதிகமான மின்சாரக் கார்கள் விற்பனையாகின. பத்து வருடங்களுக்கு முன்னர் அது சில இலட்சங்கள் மட்டுமே. கார்ப் பற்றரி பத்துப் பதினைந்து வருடங்கள் உழைக்கும். எனவே இன்று பழையதாகி வருவது அன்று விற்ற சிறிய தொகை. இன்று தேவைப்படுவதோ மிகப் பெரிய தொகை. சிறிய குடத்தில் இருந்து பெரிய தாங்கியை நிரப்ப முடியாது. 2035க்குப் பின்னர்தான் பழைய பற்றரிகள் பெரும் அளவில் வந்து சேரத் தொடங்கும். சேகரிக்கும் ஏற்பாடு அதற்கு முன்னரே தயாராக இருந்தால்தான் அன்று அந்த உலோகம் கைக்கு வரும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதை உணர்ந்து 2023இல் புதிய பற்றரிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி 2027 இறுதிக்குள் பழைய பற்றரியில் உள்ள லித்தியத்தில் 50 வீதமும், கோபால்ட், நிக்கல், செம்பு, ஈயம் ஆகியவற்றில் 90 வீதமும் மீட்கப்பட வேண்டும். 2031 இறுதிக்குள் இவை முறையே 80, 95 வீதமாக உயரும். அத்துடன் 2031 ஓகஸ்ட் முதல் வாகனப் பற்றரிகள் போன்றவற்றில் உள்ள கோபால்ட்டில் 16 வீதமும், ஈயத்தில் 85 வீதமும், லித்தியத்திலும் நிக்கலிலும் 6 வீதமும் மீள்சுழற்சி மூலம் பெற்றதாக இருக்க வேண்டும். பற்றரியை விற்றவரே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்பதே இச்சட்டத்தின் அடிப்படை.

எமது நாட்டில் நிலைமை என்ன?

இதெல்லாம் ஐரோப்பாவின் கதை, எமக்கென்ன என்று யாராவது கேட்கலாம். எமது வீதிகளைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் வாகனங்கள் கடந்த பதினைந்து வருடங்களில் இலங்கைக்கு ஏராளமாக வந்தன. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் ஹைபிரிட் பற்றரி 28 சிறு பகுதிகளைக் கொண்டது, அக்குவாவினுடையது 20 பகுதிகள். இவை நிக்கல் வகைப் பற்றரிகள். ஒரு பகுதி பழுதானாலும் முழுப் பற்றரியும் தடுமாறும். எமது கராஜ்காரர்கள் ஒவ்வொரு பகுதியையும் சோதித்து, பலவீனமானதை மட்டும் மாற்றி, இன்னும் சில காலம் ஓடும்படி செய்துவிடுகின்றார்கள். அவர்கள் இதற்கு மீள்சுழற்சி என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் ஒரு பற்றரியின் ஆயுளை நீடிப்பதுதான் சுரங்கத் தேவையைக் குறைப்பதற்கான முதல் படி. அவ்வாறு கழற்றி எறியப்படும் பகுதிகளில் உள்ள நிக்கல் எங்கே போகின்றது என்பதுதான் அடுத்த கேள்வி.

சோலாரை எடுத்துக்கொள்வோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது நினைவிருக்கும். அதே வருடம் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறைந்ததால், கூரை மேல் சோலார் வைத்திருப்பவர்கள் பகல் நேரத்தில் அதை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தைச் சேமித்து இரவில் பாவிக்க வேண்டுமானால் பற்றரி வேண்டும். வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் என்று எல்லா இடங்களுக்கும் அது வரத்தான் போகின்றது. மின்சார முச்சக்கர வண்டிகளும் ஸ்கூட்டர்களும் கூடிக்கொண்டே போகின்றன. இன்று இறக்குமதியாகும் ஒவ்வொரு பற்றரியும் பத்து வருடங்களில் எமது மண்ணில் கழிவாக நிற்கும். எமது நாட்டிலோ ஒழுங்காகக் குப்பை போட ஓர் இடமே இல்லை. 2017இல் மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அம்பாறை பள்ளக்காட்டில் யானைகள் குப்பையைத் தின்று மடிகின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், அபாயகரமான கழிவுகளைச் சேகரிப்பதற்கும் களஞ்சியப்படுத்துவதற்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இலங்கை பாசல் சாசனத்திலும் 1992 முதல் அங்கம் வகிக்கின்றது. எனவே பழைய லித்தியம் பற்றரிகளைக் கொள்கலனில் ஏற்றி நினைத்தபடி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட முடியாது. பெற்றுக்கொள்ளும் நாட்டின் முன் அனுமதி தேவை.

இன்னொரு விடயமும் சொல்ல வேண்டும். லித்தியம் பற்றரியின் ஒரு பக்கம் காரீயம் என்று மேலே பார்த்தோம். உலகிலேயே மிகத் தூய நரம்புக் காரீயம் எமது நாட்டில், கேகாலை மாவட்டத்தின் போகல, குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கின்றது. மீள்சுழற்சியில் பெரும்பாலும் இழக்கப்படுவதும் காரீயமே. அதனால் இந்தக் கனிமத்துக்கான கேள்வி உடனே குறையப் போவதில்லை. இதை மூலப்பொருளாக மட்டும் ஏற்றுமதி செய்துவிட்டு, பற்றரியாக விலை கொடுத்து இறக்குமதி செய்து, முடிவில் குப்பையில் போடும் நாடாகவே நாம் இருக்கப் போகின்றோமா என்பதைச் சிந்திக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது பொறுப்பு அரசாங்கத்துக்கும் இறக்குமதியாளர்களுக்கும் உரியது. ஈயப் பற்றரிக்கு இருக்கும் "பழையதைக் கொடு, கழிவைப் பெறு" என்ற ஏற்பாட்டைத் தொலைபேசி, பவர் பேங்க், ஸ்கூட்டர், சோலார் பற்றரிகளுக்கும் சட்டமாகக் கொண்டுவர வேண்டும். விற்கும்போதே ஒரு சிறு வைப்புப் பணத்தை விலையுடன் சேர்த்துப் பெற்று, பழையதைத் திருப்பிக் கொடுக்கும்போது வழங்கினால், எந்தப் பற்றரியும் குப்பைக்குப் போகாது.

இரண்டாவது, எமது வியாபாரிகளுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கின்றது. பழைய இரும்பு, உதிரிப்பாகம், தொலைபேசி திருத்தும் தொழில்களில் எமது ஊர்களில் பலர் ஈடுபட்டுள்ளனர். இலங்கை போன்ற சிறிய நாட்டில் பல கோடி டொலர் செலவில் உலை அமைப்பது இப்போதைக்குச் சாத்தியமில்லை. ஆனால் பற்றரிகளைச் சேகரித்து, வகை பிரித்து, சோதித்து, இன்னும் பாவிக்கக்கூடியதை சோலார் சேமிப்புக்குத் திருப்பி, மீதியை முறையாகப் பொதி செய்து ஏற்றுமதி செய்யலாம். மின்சாரக் காருக்கு உதவாத பற்றரியிலும் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேல் கொள்ளளவு எஞ்சியிருக்கும். இதற்கு உரிய அனுமதியும், தீப்பாதுகாப்பும், பயிற்சி பெற்ற இளைஞர்களும் வேண்டும். ஹைபிரிட் பற்றரியில் 144 வோல்ட், 200 வோல்ட் நேரோட்டம் இருக்கின்றது என்பதை மறந்து அதைத் திறந்தால் உயிரே போகலாம்.

ஈயப் பற்றரியை வீட்டு வளவில் உடைப்பவர்கள், உருக்குபவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கின்றது. அந்த இலாபம் உங்கள் சொந்தப் பிள்ளையின் இரத்தத்தில் இருந்து எடுக்கப்படுவது. முழுப் பற்றரியாகவே அனுமதி பெற்றவரிடம் விற்றுவிடுங்கள்.

மூன்றாவது, வீட்டில் நாம் செய்யக்கூடியவை. லித்தியம் பற்றரியைக் குப்பையுடன் சேர்க்க வேண்டாம். அதன் உலோக முனைகளை ஒட்டு நாடாவால் மூடி, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் தனியாக வையுங்கள். ஊதிய பற்றரியைக் குத்தவோ, அழுத்தவோ, மீண்டும் சார்ஜ் ஏற்றவோ கூடாது. எரியும் பொருட்களில் இருந்து விலக்கி, உலர்ந்த மணல் போட்ட உலோகப் பாத்திரத்தில் வீட்டுக்கு வெளியே வைப்பது நல்லது. நாணயம் போன்ற பொத்தான் பற்றரிகளைச் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டவே விடக்கூடாது. விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும்.

பாடசாலைகள், விளையாட்டுக் கழகங்கள், பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஊர் மட்டத்தில் சேகரிப்பு ஒன்றை ஒழுங்கு செய்யலாம். ஆனால் பெட்டி வைப்பதற்கு முன்னர், சேர்வதை எடுத்துச் செல்லப்போகும் அனுமதி பெற்ற நிறுவனத்துடன் பேசி உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். எடுத்துச் செல்ல ஆளில்லாமல் ஒரு மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பற்றரிகளைக் குவிப்பது தீயைக் குவிப்பதற்குச் சமம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இருப்பதை நீண்ட காலம் பாவிப்பதே சிறந்தது. திரை உடைந்ததற்காகத் தொலைபேசியையே மாற்றாமல் திரையை மாற்றலாம். பற்றரி பலவீனமானால் பற்றரியை மாற்றலாம். வாங்காத பற்றரிக்காக யாரும் நிலத்தைத் தோண்டப் போவதில்லை.

ஓட்டோப் பற்றரிக்கு நாம் வைத்த மதிப்பை அந்த லாச்சிக்குள் கிடப்பவற்றுக்கும் வைக்க எமக்குத் தேவையானது ஒரு நல்ல ஏற்பாடு மட்டுமே. அதை அரசாங்கத்திடம் கேட்போம், அதற்கான தொழிலை எமது இளைஞர்கள் கற்கட்டும். அதுவரை அடுத்த துப்புரவு நாளில் அந்த லாச்சியைத் திறக்கும்போது, உள்ளே இருப்பவற்றைக் குப்பைப் பையில் கொட்டாமல் ஒரு தனிப் பெட்டியில் எடுத்து வைப்போம்.